தண்ணீர் டேங்கைச் சுற்றிய நடை

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். நோன்புப் பெருநாள் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கருவேலங்காட்டை ஒட்டி ஒரு காம்பவுண்டு இருக்கிறது. உள்ளே பதினாறு சின்ன வீடுகள். முதல் வீடு எங்களுடையது. மற்ற வீடுகளில் எல்லாம் பெரியவர்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, கை கால் ஓடுகிறவரை தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று வந்தவர்கள். யாராவது தெரியாமல் ‘முதியோர் இல்லம்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மூன்றாம் நம்பர் வீட்டு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டுவார்.

“இல்லத்துல சாவி ஆபீஸ்ல தொங்கும்யா. இங்க எங்க வீட்டுச் சாவி எங்க இடுப்புல தொங்குது. நல்லாப் பார்த்துக்க.”

அந்தக் காம்பவுண்டை மேற்பார்வை பார்ப்பதுதான் என் வேலை. நானும் என் மனைவியும் கேட்டை ஒட்டிய அந்த முதல் வீட்டில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் வீரசோழன். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் சவூதியில் வண்டி ஓட்டிவிட்டு, சர்க்கரையும் முதுகுவலியும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவன். தண்ணீர் லாரியை வரவழைப்பது, பல்பு மாற்றுவது, யாருக்காவது முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவது, இதெல்லாம் எனக்குச் சிரமமே இல்லை. ஐந்து வேளைத் தொழுகையையும் தவறாமல் அல்லாஹ் நடத்தித் தருகிறான். அதற்கு மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் காம்பவுண்டை நடத்துகிற டிரஸ்ட்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்கள் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க தினமும் உடற்பயிற்சி, நடைப்பயிற்சி என்று ஒரு திட்டம் ஆரம்பிக்க வேண்டும், அதை நான்தான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னை மதுரைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். என் மகள் வயதில் ஒரு டாக்டரம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டுவது எப்படி, பந்தை அமுக்கிக் கை நரம்புக்கு வலு ஏற்றுவது எப்படி, குதிகாலை ஊன்றி நடப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். “எல்லாரையும் சேர்த்து நடக்க வைங்க. தனியா நடந்தா ரெண்டாம் நாளே விட்டுருவாங்க” என்று கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டேன். ஒரு பை நிறைய ஸ்பாஞ்சு பந்துகளோடு பஸ்ஸில் வந்தபோது, காரியாபட்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், “பேரன் பேத்திக நெறையவோ?” என்று கேட்டார். “ஆமாங்க, எல்லாத்துக்கும் எழுபது வயசுக்கு மேல” என்றேன். மனுஷன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

இந்தத் திட்டம் மற்றவர்களுக்கு எப்படியோ, ஒன்பதாம் நம்பர் வீட்டு அம்மாவுக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. அவர்கள் வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். எழுபத்திரண்டு வயது. கணவர் இறந்து நாலைந்து வருடமாகத் தனியாக இருந்தவர்கள், பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, பெங்களூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் படுத்திருந்துவிட்டு அப்போதுதான் வாக்கரோடு திரும்பி வந்திருந்தார்கள். எங்கள் காம்பவுண்டில் ஒரு விதி உண்டு. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறவரைதான் தனி வீட்டில் இருக்கலாம். மகனும் தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு மாதம் கழித்து வருவேன், வாக்கர் இல்லாமல் அம்மா நடந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்து பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று.

அந்த அம்மாவுக்கு மகன் மேல் உயிர். ஆனால் பெங்களூர் என்றால் முகம் சுருங்கிவிடும். “ஏழாவது மாடி தம்பி. காலைல கோலம் போட வாசலே இல்ல. லிப்டுக்கு முன்னாடியா போடுறது?” என்று கேட்பார்கள். அவர்களை எப்படியாவது நடக்க வைத்துவிட வேண்டும் என்று நானும் மனதுக்குள் உறுதியாக நிய்யத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் காம்பவுண்டின் நடுவில் ஒரு பெரிய தண்ணீர் டேங்கு நான்கு காலில் நிற்கிறது. அதைச் சுற்றி நல்ல சமமான சிமெண்டுத் தரை. நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம், சுண்ணாம்பைக் கரைத்து, டேங்கைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டேன். யாரும் குழம்பக் கூடாதே என்று, எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்பதற்கு அம்புக்குறிகளும் போட்டேன். மதுரையில் யாரும் எனக்கு அம்புக்குறி போடச் சொல்லவில்லை. அது என் சொந்த மூளை.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தால், நாற்காலிகளில் பதிமூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் அண்ணன் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். காலை நீட்டச் சொன்னால் ஒருவர் செருப்பு பறந்து போய் டேங்கில் அடிக்கிறது. பந்தை அமுக்கச் சொன்னால் இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எறிகிறார். கல்யாண வீடு மாதிரி ஒரே சிரிப்பு. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. நடை ஆரம்பிக்கும் முன்னால் நான் அவர்களுக்குச் சொன்னேன்: சவூதியில் இருந்தபோது எத்தனையோ தடவை உம்ரா யாத்திரைக்குப் போயிருக்கிறேன். மக்காவில் எங்கள் இறையில்லமான கஃபாவைச் சுற்றி வரும்போது, நடக்க முடியாத கிழவர்கள்கூட எப்படி நடந்துவிடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். இதோ இந்த அம்புக்குறி போகிற மாதிரித்தான் நாங்கள் அங்கே சுற்றினோம். அதை நினைத்துத்தான் இப்படிப் போட்டிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் காலில் வலு வரும்.

சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தை நினைத்தால் எப்போதும் அப்படித்தான்.

அவர்கள் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். கண்டக்டர் அண்ணன்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பக்தியான பேச்சு, அதனால் அமைதியாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் முன்னால் நடக்க ஆரம்பித்தேன். கால் வட்டம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் பாதிப் பேர் இல்லை. “பாய், அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று ஒரு அம்மா போகிறார்கள். ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒருவருக்கு மகன் போன் பண்ணுகிற நேரம். ஒன்பதாம் நம்பர் அம்மா வாக்கரைப் பிடித்தபடி வட்டம் வரைக்கும் வந்து, குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, “தலை சுத்துது தம்பி” என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் நாள்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் மறுநாளும் அதே கதை. நாற்காலிப் பயிற்சிக்கு எல்லோரும் வருகிறார்கள், பந்தை அமுக்குகிறார்கள், என்னைக் கிண்டல் செய்கிறார்கள், சிரிக்கிறார்கள். “சரி, நடப்போமா” என்று நான் எழுந்தவுடன் பதிமூன்று பேர் வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்குகிறது. ஒரு வாரம் நான் மட்டும் தனியாகத் தண்ணீர் டேங்கைச் சுற்றினேன். போகிற வருகிற பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு டவுன் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு டி.வி.எஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். காம்பவுண்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நடந்துகொண்டிருக்கிறார்கள். கிட்டே வந்தால் எல்லாம் என் ஆட்கள். முன்னால் கண்டக்டர் அண்ணன். என் வண்டி வெளிச்சத்தைப் பார்த்ததும், வாத்தியாரைப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி விறுவிறுவென்று கேட்டுக்குள் நுழைந்து அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். கருங்கல் லோடு லாரி போகிற ரோடு அது. அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது. உள்ளே நான் போட்ட வட்டத்தில் நடக்க முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நாற்காலியில் உட்காரும்போது நான் அவர்களுக்கு எதிரில் இருக்கிறேன். நடக்கும்போது அவர்கள் என் பின்னால் வர வேண்டும். ஒரு பாய்க்குப் பின்னால் வர அவர்களுக்கு மனசில்லை.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்குள் போய் என் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“ஏங்க, முந்தாநாளு ஏழாம் நம்பர்லருந்து கொழுக்கட்டை குடுத்து விட்டாகளே, அதத் தின்னது யாரு?”

“நாந்தான்.”

“பாயின்னு வெறுத்தவுக எதுக்குங்க கொழுக்கட்டை குடுத்து விடுறாக?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? போய்க் கேட்டீகளா?”

“எதுக்குப் புள்ள கேக்கணும்? பார்த்தாலே தெரியலையா?”

“கேக்காம எதுக்குங்க கோவப்படுறீக?” என்று சொல்லிவிட்டு, கீரைக் காம்புகளை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் வீம்பு போகவில்லை. அன்று ராத்திரி இஷா தொழுதுவிட்டுக் கை ஏந்தியபோது, “யா அல்லாஹ், இவங்க மனசை இளக்கு” என்றுதான் கேட்டேன். இளக வேண்டியது யாருடைய மனசு என்று அவன் மறுநாளே எனக்குக் காட்டிவிட்டான்.

மறுநாள் காலை, பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். பிரஷர் பார்ப்பது ஒரு சாக்கு. மகன் வர இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. மற்றவர்களாவது ரோட்டில் நடக்கிறார்கள். இந்த அம்மாவால் வாக்கரோடு அந்த மேடு பள்ளத்தில் கால் வைக்க முடியாது. அவர்கள் நடப்பதற்கு இருந்தது அந்த ஒரே ஒரு வட்டம்தான். வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டேன்.

“அம்மா, எனக்குப் பின்னாடி வர்றதுல ஒங்களுக்கெல்லாம் என்ன சங்கடம்னு மட்டும் சொல்லிருங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். வேணும்னா வேற ஆள நடத்தச் சொல்லுறேன்.”

அந்த அம்மா அப்படியே திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“அடப்பாவமே, நீங்க அப்பிடியா நெனச்சீக தம்பி? ஒங்க பின்னாடி வர எங்களுக்கு என்ன? நீங்க போட்ட அம்பு எடப்பக்கமால்ல போகுது.”

“எடப்பக்கம்னா என்னம்மா?”

“கோயில வலமாத்தான் சுத்துவோம் தம்பி. டேங்கு வலதுகைப் பக்கம் வரணும். எடமாச் சுத்துறது…” என்று நிறுத்தி, சுவரில் மாலை போட்டிருந்த கணவர் படத்தைப் பார்த்தார்கள். “இவுக போனப்ப, சுடுகாட்டுல எம் மகன் தோள்ல தண்ணிக்குடத்த வச்சுக்கிட்டுச் சுத்துனான்ல, அந்தச் சுத்துய்யா அது. அம்பப் பார்த்ததும் எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வந்துச்சு. கால எடுத்து வைக்க முடியல.”

இவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எத்தனை கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று ஒரு நாளும் நான் கவனித்துப் பார்த்ததில்லை.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“எப்படிய்யா சொல்லுறது? ஒங்க சாமிய இப்படித்தான் சுத்துனோம்னு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொன்னீக. அது எங்களுக்கு எழவுச் சுத்துன்னு எந்த வாயால சொல்ல? கண்டக்டரு அண்ணன் அன்னைக்கே எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. பாய் மனசு நோகுற மாதிரி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிச்சுக்குவோம்னு.”

கஃபாவைத்தான் அந்த அம்மா சாமி என்றார்கள். நான் அதைத் திருத்தப் போகவில்லை. திருத்த வேண்டியது என்னிடமே நிறைய இருந்தது. என் பின்னால் வர மனசில்லாதவர்கள் என்று நான் நினைத்தவர்கள், என் மனசு நோகக் கூடாது என்பதற்காகக் கல் லாரிக்குப் பயந்து பயந்து ரோட்டோரத்தில் நடந்திருக்கிறார்கள். இந்த அம்மா அதைவிட ஒரு படி மேலே போய், தான் இருக்கிற வீடே கையை விட்டுப் போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நேராகப் போய் ஒரு வாளித் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்து, அம்புக்குறிகளை எல்லாம் தேய்த்துக் கழுவினேன். சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பர் அம்மாதான் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துபோயிற்று. கண்டக்டர் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், ஏன் அழிக்கிறீக? எங்களுக்காக நீங்க ஒங்க வழக்கத்த மாத்த வேணாம்.”

“அண்ணே, இது தொழுகை இல்லையே, வெறும் நடைதானே. எந்தப் பக்கம் நடந்தா எனக்கு என்ன? இனிமே நானும் வலப்பக்கமே வாரேன்.”

“அதெப்படி? அப்புறம் எங்களுக்குல்ல சங்கடமா இருக்கும். நாங்க ஒங்க பக்கமே வாரோம். கண்ண மூடிக்கிட்டு வந்துட்டாப் போச்சு.”

“கண்ண மூடிக்கிட்டு நடந்தா ஆசுபத்திரிக்குத்தான் போவீக” என்று பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஆனாலும் தகராறு தீரவில்லை. நான் வலப்பக்கம் என்கிறேன். அவர்கள் இடப்பக்கம் என்கிறார்கள். அவரவர் வழிதான் வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களை ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் வழிதான் வேண்டும் என்று சண்டை போட்டவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்டக்டர் அண்ணன் விசிலை எடுத்து ஓங்கி ஒரு ஊது ஊதினார்.

“எல்லாரும் சும்மா இருங்கப்பா. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ்ஸு போகுது. திருச்சுழியில இருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ்ஸு வருது. ரெண்டும் ஒரே ரோட்டுலதான் ஓடுது. என்னைக்காவது முட்டிக்கிருச்சா? அவன் எடது பக்கம் ஒதுங்குறான், இவன் எடது பக்கம் ஒதுங்குறான், டிரைவரும் டிரைவரும் கையக் காட்டிட்டுப் போறான். அம்புட்டுத்தான். பாய் அந்தப் பக்கமா வரட்டும், நாம இந்தப் பக்கமாப் போவோம். ரைட், ரைட்!”

அப்படித்தான் ஆரம்பமானது எங்கள் நடை. மறுநாளிலிருந்து அவர்கள் டேங்கை வலமாக, வெளிவட்டத்தில் வந்தார்கள். நானும் என் மனைவியும் எதிர்ப்பக்கமாக, உள்வட்டத்தில் வந்தோம். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார், கிறிஸ்தவர். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று ஒரு நாள் எங்களோடும் ஒரு நாள் அவர்களோடும் நடப்பார். உள்வட்டம் தூரம் குறைவு, பாய் ஏமாற்றுகிறார் என்று கண்டக்டர் அண்ணன் புகார் கிளப்பி, எனக்கு மட்டும் தினமும் இரண்டு சுற்று அதிகம் போட்டுவிட்டார்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை இருந்தது. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவர்களின் முகம் தெரியாது. எதிரே வருகிறவனுக்கு எல்லோர் முகமும் தெரியும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் காலை இழுத்து நடக்கிறார்கள் என்று ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பார்த்துவிடுவேன். நாற்காலி போட வேண்டியவர்களுக்குப் போட்டுவிடுவேன். அதைவிடப் பெரிய வேடிக்கை பேச்சுதான். எதிரெதிரே வருவதால் ஒரு தடவைக்கு ஒரு வார்த்தைதான் பேச முடியும். “நேத்து என்ன கொழம்பு தம்பி?” என்று ஒன்பதாம் நம்பர் அம்மா கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் தாண்டிவிடுவோம். அரைச் சுற்றுக் கழித்து, “பருப்புருண்டைக் கொழம்பும்மா” என்பேன். அடுத்த அரைச் சுற்றில், “உருண்டை உடையாம வந்துச்சா?” அதற்குப் பதில் அதற்கடுத்த சந்திப்பில் என் மனைவி சொல்வாள். ஒரு குழம்பின் கதை முடிய மூன்று சுற்று ஆகும். கதை பாதியில் நிற்கிறதே என்பதற்காகவே அந்த அம்மா இன்னொரு சுற்று வந்துவிடுவார்கள்.

முதல் நாலைந்து நாள் வாக்கரோடு அரைச் சுற்றுக்கு மேல் முடியவில்லை. பிறகு ஒரு சுற்று ஆனது. பிறகு வாக்கரை விட்டுவிட்டு, ஒரு கையில் கைத்தடியும் ஒரு கையில் டீச்சர் தோளுமாக இரண்டு சுற்று. ஒருநாள் கால் வீங்கி, வலியில் உட்கார்ந்து அழுதார்கள். “போதும் தம்பி, நான் பெங்களூருக்கே போயிடுறேன்” என்றார்கள். அன்றைக்கே மதுரை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காலை, நான் சுபுஹு முடித்து வரும்போது வட்டத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். தடி மட்டும்தான் கையில். டீச்சர் தோள் இல்லை.

மகன் சொன்ன நாளுக்கு முந்தின இரவு யாருக்கும் தூக்கம் இல்லை என்று நினைக்கிறேன். விடிந்ததும் எல்லோரும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு அவரவர் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் அன்று தொழுகையில் அந்த அம்மாவுக்காகக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டேன்.

நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டருகில் ஒரு கார் வந்து நின்றது. மகன் இறங்கினார். அம்மா வாசலில் வாக்கரோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து ஒன்பதாம் நம்பர் பக்கம் பார்த்தார். அங்கே பூட்டுத்தான் தொங்கியது. அப்புறம்தான் வட்டத்தைப் பார்த்தார். அவருடைய அம்மா வெறுங்கையோடு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி, டேங்கை வலமாக வந்துகொண்டிருந்தார்கள். தடிகூட இல்லை. அது எங்களுக்கே தெரியாது. அன்றைக்கென்று அவர்களே தடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

“அம்மா!” என்று மகன் ஓடிவந்தார்.

அம்மா நிற்கவில்லை. “இரு சாமி, இன்னும் ரெண்டு சுத்து இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

கண்டக்டர் அண்ணன் விசிலை வாயில் வைத்தார், ஆனால் ஊதவில்லை. நான் எதிரே வரும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை, ஆனால் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. “தம்பி, நான் நடக்குறேன்ல?” என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். அரைச் சுற்றுக் கழித்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. “நடக்குறீகம்மா” என்றேன்.

இரண்டு சுற்றையும் முடித்துவிட்டு, தன் வீட்டுப் படியில் தானே ஏறி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, மகனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள். மகன் காபித் தம்ளரோடு வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அவருக்கு இன்னும் ஒரு பயம் பாக்கி இருந்தது. நியாயமான பயம்தான். “நடக்கிறது சரிங்க. மறுபடியும் பாத்ரூம்ல விழுந்துட்டா? நான் அவ்வளவு தூரத்துல இருக்கேன். யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

கண்டக்டர் அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். “தம்பி, நாங்க எதிரும் புதிருமா நடக்குற ஆளுக. ஒங்கம்மா ஒரு சுத்துல பாய் எதிர்ல ரெண்டு தடவை வரணும். வரலைன்னா அடுத்த சுத்துக்கு அவரு காலு ஒங்க வீட்டுப் பக்கம்தான் போகும். பெங்களூர்ல ஏழாவது மாடியில ஒங்கம்மாவுக்கு எதிர்ல ஒரு நாளைக்கு எத்தன பேரு வாராக?”

மகன் அன்று மத்தியானம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, வாக்கரை மட்டும் மடித்துக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு பெங்களூருக்குத் தனியாகத் திரும்பிப் போனார்.

அந்த அம்மா இப்போதும் ஒன்பதாம் நம்பரில்தான் இருக்கிறார்கள். தினமும் வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் நடக்க வருவார்கள். எங்கள் நடையைக் கேள்விப்பட்டு டிரஸ்ட்காரர்கள் வேறு ஊரில் இருக்கிற அவர்களுடைய இன்னொரு காம்பவுண்டிலும் இப்படியே ஆரம்பித்திருக்கிறார்கள். அம்புக்குறி மட்டும் போட வேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இத்தனை வயதுக்கு மேல் நான் புதிதாகப் படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். யாராவது என்னைவிட்டு ஒதுங்கிப் போனால், அதற்கு ஒரு காரணத்தை நானே கற்பனை செய்துகொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து புழுங்குவதில்லை. அவர்கள் வாசல்வரை போய், “என்ன சங்கடம், சொல்லுங்க” என்று கேட்டுவிடுகிறேன். எத்தனையோ ஆயிரம் மைல் வண்டி ஓட்டியும் எனக்குத் தெரியாமல் இருந்த இந்த நாலு எட்டுத் தூரத்தை, அந்தப் பெரியவர்களை வைத்து அல்லாஹ் என்னை நடக்கப் பழக்கினான் என்றே இன்றும் நம்புகிறேன்.